ஒருவர் உங்களைத் தேடுகிறார்

அந்த வருஷம் அந்தோனியார் கோயில்ல கொடியேறின அன்னைக்குச் சாயங்காலம் அஞ்சரை மணிக்கு, எங்க குருசடித் தெருவுக்குக் குறுக்க, கயிறு இல்லாம, கம்பு இல்லாம, ஆணி இல்லாம ஒரு பேனர் வந்து தொங்குச்சு. யாரு கட்டுனான்னு கேக்காதீங்க. நாங்களே கேக்கல. திருவிழா நேரத்துல தெருவுல பேனர் தொங்குறதுல என்ன அதிசயம் இருக்கு? கட்சிக்காரன் கட்டுவான், காதுகுத்துக்காரன் கட்டுவான், ஜவுளிக்கடைக்காரன் கட்டுவான். இது தன்னைத்தானே கட்டிக்கிட்டு வந்துது, அம்புட்டுதான் வித்தியாசம்.

எங்கிருந்து வந்துதுன்னு மட்டும் எல்லாருக்கும் தெரியும். அன்னைக்குக் காலையிலதான் எமல்டா, மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் படிச்சிட்டு வந்த பிள்ளை, எங்க தெருவுல மாடி ரூமை வாடகைக்குப் பிடிச்சு இன்டர்நெட் கடை திறந்திருந்தா. ரெண்டு பெட்டி, ஒரு டெலிபோன், ஒரு சின்ன மாதா படம். சாயங்காலம் அவ போனைப் பெட்டியில சொருகினதும் அது கீய்ங்னு கத்தி, கொர்ருன்னு இழுத்து, பூனையை வாலைப் பிடிச்சுத் தூக்கினாப்ல ஒரு சத்தம் போட்டுது, அந்தச் சத்தம் அடங்கறதுக்குள்ள, பெட்டித் திரையோட உச்சியில மினுங்கிக்கிட்டிருந்த ஒரு துண்டு, ஜன்னல் கம்பி வழியா நழுவி வெளிய வந்து, காத்துல ஒரு உதறு உதறி, தெரு அகலத்துக்கு நீண்டு, அப்படியே நின்னுட்டு. உள்ள இடம் பத்தலை போல.

நான் கஸ்பார். மைக் செட் கஸ்பார்னா எங்க பக்கத்துல சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இருபத்திரண்டு வருஷம் அந்தோனியார் திருவிழாவுக்கு மைக்குல பேசினவன் நான்தான். பதிமூணு நாளும் தெரு நிறையக் கடை இருக்கும், ராட்டினம் சுத்தும், ஏணி மிட்டாய் குமிஞ்சு கிடக்கும், பலூன் சுடுறவன் துப்பாக்கியை நீட்டிக்கிட்டு நிப்பான், அந்தக் கூட்டத்துல ஆளுக்கு ஆள் தொலைஞ்சு போவாங்க. உடனே என்கிட்ட ஓடி வருவாங்க. நானும் தொண்டையைச் செருமிக்கிட்டு, "திசையன்விளையிலிருந்து வந்திருக்கும் மரியசூசை அவர்களே, உங்களை உங்கள் மனைவி தேடுகிறார், நீங்கள் எங்கிருந்தாலும் உடனடியாக மைக் செட் அருகே வரவும்"னு சொல்லுவேன். மரியசூசை சாராயக் கடையில இருந்தாலும் வந்துதான் ஆகணும். எங்க ஊர் வழக்கம் அது: ஒருத்தர் தேடுதார்னா, தேடப்பட்டவன் மைக் செட்டுக்கு வரணும்.

இதை எதுக்குச் சொல்லுதேன்னா, அந்தப் பேனர்ல எழுதியிருந்தது இதுதான்: "உங்களை ஒருவர் தேடுகிறார்! யார் என்று அறிய இங்கே கிளிக் செய்யவும்." சுத்தி மஞ்சளும் சிவப்பும் மாறி மாறி எரியும். உயரம் ஒரு முழம்தான். ஓரத்துல ஒரு சாம்பல் கட்டம், மச்சுப் படி மாதிரி புடைச்சிக்கிட்டு.

முதல் நாள் தெருவுக்கு வந்த குறையெல்லாம் வேற மாதிரி. விழாக் கமிட்டிக்காரங்க வந்து அண்ணாந்து பாத்துட்டு, "என்னவே, கீழ ஒருத்தர் பேரும் இல்ல? அன்புடன் வரவேற்கும் யாரு? ஒரு போட்டோவாவது உண்டா?"ன்னு கோவிச்சுக்கிட்டு, மறுநாளே பதினாலு பேர் பேரும் எழுதின துணியை அதுக்குக் கீழ சேப்டி பின் குத்தித் தொங்கவிட்டாங்க. பின் குத்துன இடத்துல அது லேசாச் சிணுங்குச்சு. முனிசிபாலிட்டியில இருந்து ஒருத்தர் வந்து அனுமதி வாங்குனீங்களான்னு கேட்டார். யார்கிட்ட நோட்டீஸ் குடுக்கன்னு தெரியாம, பக்கத்துல நின்ன லைட் கம்பத்துல ஒட்டிட்டுப் போனார். ராட்டினக்காரன் தன்னோட பல்புல பாதியைக் கழட்டிட்டான், வெளிச்சம்தான் சும்மா கிடைக்குதே. வளையல் கடைக்காரி கடையைத் தூக்கி அதுக்கு அடியில வச்சிக்கிட்டா, செவப்பும் மஞ்சளும் பட்டாக் கண்ணாடி வளையல் நல்லா விலை போகும்னு. பலூன் சுடுறவன் அதுலயே ரெண்டு குண்டு சுட்டுப் பாத்தான். குண்டு அந்தப் பக்கம் போச்சு, பேனர் அப்படியே நின்னுது.

ரெண்டாம் நாள்தான் எழுத்துக்கு அர்த்தம் உறைக்க ஆரம்பிச்சுது. உங்களை ஒருவர் தேடுகிறார். சொல்லுங்க, இப்படி எழுதியிருந்தா யாருக்குத்தான் நெஞ்சு அடிக்காது? மணப்பாட்டுல முதல் பொண்டாட்டியை விட்டுட்டு இங்க வந்து குடும்பம் நடத்துன ஒரு மேஸ்திரி வீட்டைப் பூட்டிட்டு மச்சுல ஏறி ஒளிஞ்சான். நாப்பத்தி ரெண்டு வயசுல கல்யாணம் ஆகாம இருந்த டெய்லர் டீச்சர் பட்டுச்சேலை கட்டி, பூ வச்சு, எமல்டா கடைப் படிக்கட்டுல வந்து உக்காந்தாங்க. பங்குச் சாமியார் பிரசங்கத்துல, "தேடுகிறவர் ஆண்டவர்தான்! தொலைந்த ஆட்டை மேய்ப்பன் தேடுகிறார்! காணாமல் போனதையெல்லாம் கண்டுபிடித்துத் தரும் நம் அந்தோனியார் திருவிழாவில் இது தோன்றியிருப்பது தற்செயலா?"ன்னு முழங்குனார். ஆமா சாமி, ஆண்டவர்தான்னு எல்லாரும் தலையாட்டுனாங்க. பூசை முடிஞ்சதும் நேரா என் மைக் செட்டுக்கு வந்து, "அண்ணே, ஆண்டவரா, இல்ல கொழும்புல இருக்க எங்க மாமாவான்னு மட்டும் விசாரிச்சுச் சொல்லுங்க"ன்னு வரிசையில நின்னாங்க.

நான் என்னத்த விசாரிக்க? எழுத்தை எழுத்துக் கூட்டிப் படிச்சேன். கிளிக் செய்யவும். கிளிக்னா என்ன? அந்த வருஷம் எங்க தெருவுல அந்த வார்த்தை தெரிஞ்ச ஒரே ஆள் எமல்டாதான். அவ மாடியில இருந்து எட்டிப் பாத்து, "அங்கிள், கிளிக்குன்னா அமுக்குறது!"ன்னு கத்துனா.

"அமுக்குறதுக்கு அமுக்கவும்னு எழுத வேண்டியதுதானே? நம்மகிட்டயே கதை விடுதியா?"ன்னேன். பேனர் எழுத்துல எனக்குத் தெரியாததா? போன வருஷம் பெயின்டர் 'வருக வருக'ன்னு எழுதச் சொன்னா 'வருக வறுக'ன்னு எழுதி, பிஷப்பையே வறுக்கச் சொன்னவன். இதுலயும் எழுத்து விட்டுப்போச்சுன்னு எனக்கு அந்த நிமிஷமே விளங்கிட்டு. மைக்கைப் பிடிச்சேன். "பெரியோர்களே, தாய்மார்களே! பேனரில் 'கு' விடுபட்டுள்ளது. 'கிளிக்குச் செய்யவும்' என்று திருத்தி வாசிக்கவும்!"

தெருவே ஆமாவே, ஆமாவேன்னு தொடையில தட்டிக்கிட்டுது. கிளிக்குச் செய்யணும்! அதானே!

தெரு முகப்பு வளைவுக்கு வெளிய வேப்ப மரத்தடியில கிளி ஜோசியம் பாக்கிற மாசானத்தைக் கூண்டோட தூக்கிட்டு வந்தாங்க. கோயில் தெருவுக்குள்ள ஜோசியம் ஆகாதுன்னு இருபது வருஷம் அவனை உள்ள விடாத ஊர் அது. பங்குச் சாமியார் முகம் கறுத்தார். "ஜோசியம் இல்ல சாமி, கிளிக்குச் செய்யவும்னு அதுவே எழுதியிருக்கே"ன்னு சொல்லிட்டாங்க. பழம், பொரிகடலை, புதுக் கூண்டு, கூண்டுக்கு ஜரிகை மாலைன்னு கிளிக்கு எல்லாம் செஞ்சாங்க. மாசானம் கதவைத் திறந்ததும் அது தத்தித் தத்தி வெளிய வந்து மேல பாத்துது. அவ்வளவு நீளப் பேனர், ஆத்தாடி, அப்படியே வளைஞ்சு குனிஞ்சு கிளி மூக்குக்கு நேரா வந்து அந்தச் சாம்பல் கட்டத்தை நீட்டுச்சு. கிளி ஒரு கொத்துக் கொத்துச்சு. பேனர் பளிச்சுன்னு எரிஞ்சு, "வாழ்த்துகள்! இன்னும் ஒரே ஒரு படி!"ன்னு எழுதிக் காட்டுச்சு. அடியில ஒரு கேள்வி: உங்கள் பெயர் என்ன?

அதுல இருந்து பத்து நாள் தெருவுல நடந்ததைச் சொல்லி மாளாது. ஆள் வரிசையில நிக்கணும், கிளி கொத்தணும், கேள்வி வரும், நான் மைக்கை நீட்டுவேன், அவங்க பதில் சொல்லுவாங்க. பேனருக்குக் காது மைக் வழியாத்தான். பேர் சொன்னா வயசு கேக்கும், வயசு சொன்னா என்ன சோப்பு போடுதீங்கன்னு கேக்கும், தலைவலி உண்டா, தூக்கம் வருதா, யாரை நினைச்சு அழுதீங்கன்னு கேக்கும். ஒவ்வொண்ணுக்கும், வாழ்த்துகள், இன்னும் ஒரே ஒரு படி. பெத்த தாய்கிட்டச் சொல்லாததையெல்லாம் எங்க சனங்க ஆறு குழாய் ஸ்பீக்கர்ல சொன்னாங்க. மேஸ்திரி மச்சுல இருந்து இறங்கி வந்து ரெண்டு பொண்டாட்டிக் கதையையும் அவன் வாயாலயே சொன்னான். டெய்லர் டீச்சர் பதினெட்டு வயசுல தான் எழுதின ஒரு லெட்டரை வரிக்கு வரி சொன்னாங்க, தெருவே உச்சுக்கொட்டுச்சு, அந்த லெட்டர் வாங்குனவன் மிட்டாய்க் கடையில பேரனுக்கு ஏணி மிட்டாய் வாங்கிக்கிட்டு நின்னான். சொன்ன யாருக்கும் யார் தேடுதாங்கன்னு தெரியலை. தெரியலையேன்னு நின்னாங்களா? இன்னும் ஒரு படிதானேன்னு மறுபடி வரிசைக்குப் போனாங்க. எனக்கும் அதுல பெருமைதான், பொய் சொல்லக் கூடாது. அம்புட்டுப் பேரும் என் மைக்குலதானே பேசினாங்க.

பிலோமி வரிசைக்கு வந்தது நாலாம் நாள்.

பிலோமி என் மைக் செட்டுக்கு எதிர்ல கட்டில் போட்டு ரிப்பன், ஹேர்பின், சாந்துப் பொட்டு விக்கிறவ. ஊதுனாப் பறந்துருவா, அம்புட்டு ஒல்லி. அவ புருஷன் சேசடிமை கப்பக்காரன், வெளிநாட்டுச் சரக்குக் கப்பல்ல மாலுமியாப் போனவன், போய் எட்டு வருஷம் ஆச்சு. முதல் வருஷம் ரெண்டு லெட்டர் வந்துது. அப்புறம் முதலாளி கப்பல் பேரை மாத்திட்டான், கொடியை மாத்திட்டான்னு ஏஜென்ட் சொன்னான். அப்புறம் ஏஜென்டே ஆபீஸை மாத்திட்டான். புருஷனோட அண்ணன் தொபியாஸ், நல்லவன்தான், ஆனா அவனுக்கு எதையும் முடிச்சு வைக்கணும். "ஏழு வருஷம் சேதி இல்லன்னா செத்தவன்னு சட்டமே சொல்லுது. திருவிழா முடிஞ்ச மறுநாள் இறந்தவனுக்குப் பூசை. நீயும் தாலியைக் கழட்டிரு பிலோமி, எத்தனை நாளைக்கு ரெண்டுங்கெட்டானா இருப்ப?"ன்னு சொல்லிட்டான். சேசடிமை போட்டோ போட்டு, கறுப்புக் கரை வச்சு, கண்ணீர் அஞ்சலி பேனர் ஒண்ணு எழுதி, சுருட்டி அவன் வீட்டு வராந்தாவுல தயாரா நிறுத்தியிருந்தான்.

"எனக்கு அவரு வரணும்னுகூட இல்ல அண்ணே. இருக்காரு, இல்ல செத்துட்டாரு, ரெண்டுல ஒண்ணை ஒரு மனுஷன் வாயால கேட்டாப் போதும். சட்டம் சொல்லி நான் தாலியைக் கழட்ட மாட்டேன்"னு பிலோமி என்கிட்ட சொன்னா. சொல்லிட்டுப் போய் வரிசையில நின்னா.

கிளி கொத்துச்சு. அவளை யார் தேடுவாங்கன்னு பேனருக்கு எப்படித்தான் தெரிஞ்சுதோ, அவகிட்ட சோப்பைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலை. எடுத்த எடுப்புல அவனைப் பத்தித்தான். அவர் உயரம் என்ன? அவர் உடம்பில் தழும்பு உண்டா? இடது கால்ல சிப்பி கிழிச்ச தழும்புன்னு சொன்னா. எந்தப் பக்கம் சாய்ந்து படுப்பார்? எதற்குச் சிரிப்பார்? கோபம் வந்தால் என்ன செய்வார்? கோவம் வந்தா சட்டையை மாட்டிக்கிட்டு வாசல்ல நிப்பாரு, போக மாட்டாருன்னு சொன்னா. ஒவ்வொரு நாளும் ரிப்பன் கடையை மூடிட்டு வந்து நின்னா, ஒவ்வொரு நாளும் ஒரு கேள்வி, ஒவ்வொரு நாளும் தெருவே சர்பத் குடிச்சிக்கிட்டே கேட்டுது. ஒன்பது நாள்ல சேசடிமையை எங்களுக்கு அவன் அண்ணனைவிட நல்லாத் தெரியும். வாழ்த்துகள், இன்னும் ஒரே ஒரு படி.

பன்னிரண்டாம் நாள் கேள்வி இது: அவர் உங்களை வீட்டில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்?

பிலோமி மைக்கைக் கையால பொத்திட்டா.

"இதைச் சொல்ல மாட்டேன் அண்ணே."

"ஏட்டி, ஒரு பேருதானே? இதுதான் கடைசியா இருக்கும். சொல்லித் தொலை."

"நான் எல்லாத்தையும் குடுத்துட்டேன். அவரு குறட்டை விடுறதுல இருந்து ஊருக்கே தெரியும். இப்பல்லாம் அவரை நினைச்சா அவரு முகம் வரலை, இந்த ஸ்பீக்கர் சத்தம்தான் வருது. இது ஒண்ணுதான் என்கிட்ட மிச்சம். அவரைத் தவிர ஒருத்தரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்ல, என் ஆத்தாளுக்குக்கூடத் தெரியாது. இதைக் குடுக்க மாட்டேன்."

எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துது. பன்னிரண்டு நாளாக் கத்திக் கத்தித் தொண்டை புண்ணு. "அப்ப உனக்குப் புருஷன் வேண்டாம், வீம்புதான் வேணும்"னு சொல்லிட்டேன். அதையும் மைக்குல சொல்லலை, அதுவரைக்கும் எனக்குப் புத்தி இருந்துது. அவ போய்க் கட்டில்ல உக்காந்து ரிப்பனை முழம் போட ஆரம்பிச்சா.

பதிமூணாம் நாள், பெரிய திருவிழா. உச்சிவெயில். தெருவுல பாதிப்பேர் கோயில் மைதானத்துல அசனச் சாப்பாட்டுக்கு வெங்காயம் உரிச்சிக்கிட்டிருந்தாங்க, பிலோமியும் அங்கதான். என் மைக் செட்டுக்கு முன்னால ஒரு ஆள் வந்து நின்னான். வடக்கத்தி ஆள். நெட்டை, தோள்ல கித்தான் பை, கால்ல கனத்த பூட்ஸு, சட்டையெல்லாம் வேர்வை. தமிழ் ஒரு வார்த்தை வரலை. "அந்தோனி சர்ச்?"னான். ஆமான்னேன். "ஜெஸ்ஸி... ஜெஸ்ஸி"ன்னான். எங்க தெருவுல ஆறு ஜெஸ்ஸி இருக்கு. "எந்த ஜெஸ்ஸி வே?"ன்னேன். தலையை ஆட்டுனான். அப்புறம் நெஞ்சுல கையை வச்சு, ரொம்பக் கவனமா, பாடம் ஒப்பிக்கிற மாதிரி, "நெத்திலி. நெத்திலி... தேடி"ன்னான்.

இப்ப உங்களுக்கு விளங்குது. எனக்கு விளங்கலை. என் மண்டையில என்னதான் இருந்துதோ! பதிமூணு நாளா என்னைத் தேடுறது யாரு, உன்னைத் தேடுறது யாருன்னு கேட்டுக் கேட்டு, தேடின்னு ஒருத்தன் வாயைத் திறந்தாலே எனக்கு எரிஞ்சுது. பத்தடி தள்ளி மாடியில எமல்டா இருந்தா, அவளுக்கு இந்தி தெரியும். ஒரு குரல் குடுத்திருக்கலாம். குடுக்கலை. "நெத்திலி வேணும்னா மீன் மார்க்கெட்டுக்குப் போ வே! இங்க ஆளைத்தான் தேடுவோம், மீனைத் தேட மாட்டோம்!"னு கையை நீட்டி வழியைக் காட்டுனேன். பலூன்காரன் விழுந்து விழுந்து சிரிச்சான். அந்த மனுஷன் ரெண்டு கையையும் கூப்பி என்னைக் கும்பிட்டுட்டு, நான் காட்டுன பக்கமே போனான்.

மைக்கை அமத்திட்டுத்தான் சொன்னேன், ஒரு வெளியூர்க்காரனை ஊர் கேக்க ஏசக் கூடாதுன்னு. அமத்தாம சொல்லியிருந்தா ஆறு குழாய்லயும் கேட்டிருக்கும், வெங்காயம் உரிச்சவ காதுலயும் விழுந்திருக்கும். தவளை தன் வாயால கெடும்பாங்க. நான் வாயை மூடி இன்னொருத்தியைக் கெடுத்தேன்.

மூணு மணிக்கு அசனம். மைதானத்துல வரிசையா உக்காந்து இலையில சோறு விழுந்துது. எதிர் வரிசையில பிலோமி, பக்கத்துல தொபியாஸ் பொண்டாட்டி. நேத்து ஏசிட்டமேன்னு எனக்கும் ஒரு மாதிரி இருந்துதா, அவளைச் சிரிக்க வைக்கலாம்னு நினைச்சேன். "கேட்டியா பிலோமி கூத்தை? மத்தியானம் ஒரு வடக்கத்தியான் பூட்ஸு போட்டுக்கிட்டு வந்து, நெத்திலியத் தேடுதேங்கான். நம்ம பேனர் இப்ப மீனையும் தேட ஆரம்பிச்சிட்டு போல! மார்க்கெட்டுக்குப் போடான்னு பத்தி விட்டேன்."

வரிசையே சிரிச்சுது. பிலோமி கையில எடுத்த சோறு கையிலயே நின்னுது.

"என்ன பேரு சொன்னான் அண்ணே?"

"நெத்திலின்னான்."

"வேற?"

"ஜெஸ்ஸி, ஜெஸ்ஸின்னான்."

"கப்பல்ல அவரை ஜெஸ்ஸின்னுதான் கூப்பிடுவாங்க"ன்னா பிலோமி. குரல் ரொம்பச் சாதாரணமா இருந்துது. "சேசடிமைன்னு வாயில நுழையலைன்னு. நெத்திலி நான்தான் அண்ணே."

எச்சில் கையோட ஓடினா. நான் பின்னால ஓடினேன். மீன் மார்க்கெட்டுல கூட்டம் கலைஞ்சு, கடைசிக் கூடையோட செபத்தி மட்டும் உக்காந்திருந்தா. "ஆமா, ஒருத்தன் வந்தான். நெத்திலி நெத்திலின்னான். ஒரு கூறு அள்ளிக் காட்டுனேன், இல்லைங்கான். பெருவெட்டு நெத்திலி காட்டுனேன், இல்லைங்கான். கருவாடா வேணுமோன்னு அதையும் காட்டுனேன். விரல்ல மோதிரம் போடுத மாதிரி காட்டுதான், கழுத்தைக் காட்டுதான், நான் என்னத்தக் கண்டேன்? கடைசியில கண்ணுல தண்ணி வந்துட்டு அவனுக்கு, வெயில்னு நினைச்சேன். பாவமேன்னு ஒரு பொட்டலம் கருவாடு கட்டிக் குடுத்தேன். வாங்கிப் பைக்குள்ள வச்சிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனான்"னா.

எமல்டா மொபெட்டை எடுத்துக்கிட்டு ரயில் ஸ்டேஷனுக்குப் போனா, தொபியாஸ் பஸ் ஸ்டாண்டுக்குப் போனான், ஆமா, தொபியாஸ்தான், அழுதுக்கிட்டே போனான். ஒவ்வொரு பஸ்ஸா ஏறி ஜெஸ்ஸி ஜெஸ்ஸின்னு தம்பியோட கப்பல் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். ஒருத்தனும் திரும்பலை. மெட்ராஸ் பஸ் போயி அரை மணி ஆயிருந்துது.

பொழுது சாயற நேரம், சப்பரம் கிளம்ப வேட்டுப் போட்டாங்க. பிலோமி நேரா வந்தா, என் கையில இருந்த மைக்கைப் பிடுங்கினா. "நெத்திலி நான்தான்! நெத்திலி இங்கதான் இருக்கேன்! என்னைத் தேடி வந்தவரே, எங்க இருந்தாலும் திரும்பி வாங்க! நெத்திலி நான்தான்!"னு ஆறு குழாய்லயும் கத்தினா. ராட்டினம் நின்னுட்டு. சப்பரம் தூக்கினவங்க தோள்ல வச்சபடி நின்னாங்க. அப்படிக் கத்தினவளை நான் அதுக்கு முன்னாலயும் பாத்ததில்ல, பின்னாலயும் பாத்ததில்ல. ஊரே கேட்டுது, கேக்க வேண்டியவனைத் தவிர.

பேனர் கேட்டுது. கிளி கொத்தாமலே பளிச்சுன்னு எரிஞ்சுது. "வாழ்த்துகள்! எல்லாப் படிகளும் முடிந்தன!" தெருவே மூச்சைப் பிடிச்சிக்கிட்டு அண்ணாந்து நின்னுது. நானும் நின்னேன், சேசடிமை முகம் அதுல வரும்னு நானும் நம்பித்தான் நின்னேன், வெக்கமில்லாம. மஞ்சளும் சிவப்பும் மூணு தடவை மாறிச்சு. அப்புறம் எழுத்து வந்துது: "நெத்திலி அவர்களே! உங்களுக்காகவே! ஏழே நாளில் உடல் பருமன் குறைய அற்புதப் பவுடர்!"

பிலோமி அதை முழுசா வாசிச்சா. மைக்கை என் கையில வச்சா. போய்ட்டா.

சாராயக் கடைக்காரன் முதல் கல்லை எறிஞ்சான். அப்புறம் ஆளாளுக்கு எறிஞ்சாங்க. கல்லு அந்தப் பக்கம் போய் வளையல் கடையில விழுந்து வளையல் உடைஞ்சதுதான் மிச்சம். கொடியிறக்கின மறுநாள் காலையில பேனர் இல்லை. கமிட்டிக்காரங்க பதினாலு பேர் பேர் எழுதின துணி மட்டும் சாக்கடையில கிடந்துது. அடுத்த வாரம் பக்கத்து ஊர்க் கொடை விழாவுக்கு அந்தப் பேனர் வந்துதாம், அங்க உள்ளவங்க பந்தல் கட்டுறதுக்கு அதைத் தோதா வச்சுக்கிட்டாங்களாம். நல்லாயிருக்கட்டும்.

வந்தவன் யாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. உன் புருஷன் இருக்கான், வந்துக்கிட்டிருக்கான்னு சொல்ல வந்தானா, சாகும்போது உன் பேரைச் சொன்னான்னு சொல்ல வந்தானா, தெரியாது. எந்தக் கடல்ல இருந்து எந்த வண்டி பிடிச்சு, தெரியாத பாஷையில ஒரு வார்த்தையைக் காப்பாத்திக் கொண்டு வந்தானோ. அதை ஒரு பொட்டலம் கருவாட்டுக்கு மாத்தி அனுப்பினோம். தொபியாஸ் பூசை வைக்கலை. அஞ்சலி பேனரைக் கிழிக்கவும் மனசு வராம, வைக்கவும் மனசு வராம, மச்சுல போட்டு வச்சிருக்கான். பிலோமி தாலியைக் கழட்டலை. நானும் மைக்கை அந்த வருஷத்தோட வேற ஆள்கிட்டக் குடுத்துட்டேன். அவ என்னை ஒரு வார்த்தை ஏசியிருந்தா நல்லாயிருந்திருக்கும். இன்னைக்கும் "வாங்க அண்ணே"ன்னுதான் சொல்லுதா.

எங்க தெருவுல இப்ப யாரும் அவளை பிலோமின்னு கூப்பிடுறதில்ல. கெட்ட எண்ணத்துல இல்ல, அன்னைக்கு ஆறு குழாய்ல கேட்டது வாய்ல ஒட்டிக்கிட்டுது, அம்புட்டுதான். நெத்திலி அக்கா ரெண்டு முழம் ரிப்பன் குடுங்க, நெத்திலி மைனி, பஸ் போயிட்டுதான்னு சின்னது பெருசெல்லாம் கூப்பிடுது. அவளும் கோவிக்கிறதில்ல. ஆனா ஒவ்வொரு தடவையும், யாரு கூப்பிட்டாலும், அவ திரும்புத வேகம் இருக்கே, அதைப் பாத்தா எனக்கு என் நாக்கைப் பிடுங்கிக்கிடலாம் போல இருக்கு.